காஞ்சியில் கிளம்பும் காருக்கு ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

பழைய கார்களில் இருக்கும் செட்டுக்கு ரேடியோ மட்டும்தான் தெரியும். பாட்டெல்லாம் இருப்பதோ செல்போனில். இந்த இரண்டையும் வயர் இல்லாமல் இணைத்து வைப்பது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்ற கையடக்கக் கருவி. டேஷ்போர்டில் சிகரெட் லைட்டருக்கென்று விட்டிருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் இதைச் செருக வேண்டும். போனிலிருந்து ப்ளூடூத் வழியாகவோ, நேராகப் பென்டிரைவிலிருந்தோ பாட்டை வாங்கி, அதை எஃப்.எம். அலையாக மாற்றி இது ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு ஸ்பீக்கரில் வந்துவிடும். செட்டைக் கழற்ற வேண்டாம், வயரை வெட்ட வேண்டாம். விலையும் சில நூறு ரூபாயில் தொடங்குகிறது.

இதற்கான தேவை காஞ்சிபுரத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-இல். அந்தத் தலைமுறைக் கார்களில் கேசட் டெக்கோ, பிறகு சி.டி. செட்டோ இருந்தது, ப்ளூடூத் கிடையாது. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது, ஆம்னி 2019-இல் நின்றது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. புடவைக் கட்டுகளோடு தி.நகருக்குப் போய்வரும் வேன்களும், முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து காந்தி ரோட்டுக்கு வந்திறங்கும் குடும்பங்களின் பழைய கார்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கடைக்குப் போகும் முன் செட்டின் முகப்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும். 'ஆக்ஸ்' என்று எழுதிய சிறு துளை இருந்தால் டிரான்ஸ்மிட்டர் தேவையே இல்லை. இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒரு வயர் போதும். ஒலியும் இன்னும் சுத்தமாக இருக்கும். போனில் அந்தத் துளை இல்லாவிட்டால், ஆக்ஸில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் தனியாகவே விற்கிறது. வானலையில் ஏறி இறங்கும்போது பாட்டு கொஞ்சமாவது தேயத்தான் செய்யும். நேர்வழி இருக்கிறவர்கள் அந்தச் சுற்றுவழியில் போகக் காரணமே இல்லை. அந்த வசதி இல்லாத செட்டுக்குத்தான் இந்தக் கருவி.

எதைப் பார்த்து வாங்குவது? பெட்டியின் மேல் ப்ளூடூத் பதிப்பு, வேகமான சார்ஜிங், வண்ண விளக்கு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இவையெல்லாம் இரண்டாம் பட்சம். பாட்டு நன்றாகக் கேட்குமா என்பதைத் தீர்மானிப்பது, வண்டி ஓடும் சாலையில் காலியாக ஓர் அலைவரிசை இருக்கிறதா, அந்த அலைவரிசைக்குக் கருவியால் போக முடியுமா என்பதுதான். இதைப் புரிந்துகொள்ள எஃப்.எம். வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் அகலமான எஃப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றது 1933-இல். இந்தியாவில் அந்த முறையில் முதலில் ஒலிபரப்பியது சென்னை வானொலி, 1977 ஜூலை 23 அன்று. மீடியம் வேவில் ஒலிக்கேற்ப அலையின் வலு கூடிக் குறையும். எஃப்.எம்-இல் வலு மாறாது, அதிர்வெண்தான் இப்படியும் அப்படியும் அசையும். இதனால் ஒரு முக்கியமான குணம் வந்து சேர்கிறது. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் மோதினால் மீடியம் வேவில் இரண்டும் கலந்து கேட்கும். எஃப்.எம். ரேடியோவோ இரண்டில் வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருந்தால் மட்டும் இதுவா அதுவா என்று மாறி மாறித் தடுமாறும். காரில் கேட்கும் 'கர்ர்' என்ற அறுபடல் பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம்தான்.

இந்தக் குட்டி ஒலிபரப்பியின் வலு எவ்வளவு? ஐரோப்பிய நாடுகள் இதற்கு விதித்திருக்கும் உச்சவரம்பு 50 நானோவாட். ஒரு வாட்டை இரண்டு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. 10 கிலோவாட்டில் இயங்கும் ஒரு நகர வானொலி நிலையம் இதைவிட 20,000 கோடி மடங்கு வலுவானது. இருந்தும் இது எப்படி ஜெயிக்கிறது என்றால், ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால்தான். கருட சேவைக் கூட்டத்தில் மேளம் தெருமுனையில் இருக்கும்வரை பக்கத்தில் நிற்பவர் காதோடு சொல்வது கேட்கிறது. மேளம் எதிரே வந்துவிட்டால் அவர் கத்தினாலும் கேட்பதில்லை. டிரான்ஸ்மிட்டரின் நிலையும் இதுதான். நிலையம் தூரத்தில் இருக்கும்வரை கருவியின் ராஜ்ஜியம், நெருங்கினால் நிலையத்தின் ராஜ்ஜியம்.

இந்த வகையில் காஞ்சிபுரம் கொடுத்துவைத்த ஊர். எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும்; பூமியின் வளைவைத் தாண்டியதும் வேகமாக மெலியும். 150 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலைக்குத் தொடுவானம் சுமார் 50 கிலோமீட்டர். சென்னையின் நடுப்பகுதியிலிருந்து காஞ்சிபுரம் நேர்கோட்டிலேயே 65 கிலோமீட்டருக்கு மேல். சென்னை நிலையங்கள் பல இங்கே கேட்கும் என்றாலும் தேய்ந்து, இரைச்சலோடுதான் கேட்கும். தெருவின் ஒரு பக்கம் வரும் நிலையம் கட்டடத்தின் மறுபக்கம் போனால் மறைந்துவிடும். ரேடியோ ரசிகருக்கு இது குறை. டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவருக்கு வரம். ராஜகோபுரத்தைச் சுற்றி நான்கு தெருவில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் கருவியும் அருமையாகத்தான் பாடும்.

சிக்கல் ஆரம்பிப்பது வண்டி கிழக்கே திரும்பியதும். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம், பூந்தமல்லி என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் சென்னை நிலையங்கள் வலுவாகிக்கொண்டே வருகின்றன. காஞ்சியில் வெறும் இரைச்சலாக இருந்த எண்ணில் ஸ்ரீபெரும்புதூரில் யாரோ பேசுவது அரைகுறையாகக் கேட்கும். பூந்தமல்லியில் அவர் பாட்டை முழுதாக விழுங்கிவிடுவார். கருவி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். உண்மையில் கருவி அப்படியேதான் இருக்கிறது. சுற்றியிருக்கும் வானலைதான் மாறிவிட்டது.

ஆகவே சென்னை பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அலைவரிசையைச் சென்னையை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 90.4-இல் இருக்கிறது. ரேடியோ சிட்டி 91.1, பிக் எஃப்.எம். 92.7, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4, ஹலோ எஃப்.எம். 106.4. இவற்றுக்கு நடுவிலும் வேறு நிலையங்கள் உண்டு. ஒரே நகரத்தில் தனியார் நிலையங்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு அலைவரிசை ஒதுக்குவது இந்திய வழக்கம். 92.7, 93.5 என்ற இரண்டு எண்களே இதற்குச் சாட்சி. இரண்டுக்கும் நடுவில் 93.1 காலியாகத்தானே இருக்கிறது என்று அங்கே போய் உட்கார்ந்தால், இரு பக்கமும் 0.4 தூரத்தில் பத்து, இருபது கிலோவாட் அண்டை வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். நல்ல செட் சமாளிக்கும். பழைய செட்டில் இரண்டு பக்கத்துச் சத்தமும் கசியும்.

தேட வேண்டிய இடம் பட்டையின் அடிமுனை. எஃப்.எம். ஒலிபரப்புப் பட்டை 87.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 108-இல் முடிகிறது. சென்னை நிலையங்களின் நெரிசல் 90.4-க்கு மேலேதான். 87.5-க்கும் 89-க்கும் இடையில் இந்தச் சாலை நெடுக அமைதியான இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இங்கேதான் கருவியின் தரம் முதலில் தெரிகிறது. சில மலிவுக் கருவிகள் 88.1-இல்தான் தொடங்கும், சிலவற்றில் முன்பே நிர்ணயித்த ஆறேழு எண்கள் மட்டுமே இருக்கும். 87.5 முதல் 108 வரை 0.1 இடைவெளியில் எந்த எண்ணுக்கும் போகக்கூடிய கருவியைத்தான் வாங்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையிலேயே அலமாரியில் இருப்பதில் கணிசமானவை கழிந்துவிடும். எண்ணைத் தெளிவாகக் காட்டும் திரையும் வேண்டும். வெயிலில் தெரியாத திரையை ஓட்டுநர் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

காலி இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். கருவியைப் பிடுங்கி வைத்துவிட்டு ரேடியோவை 87.5-இல் வைக்க வேண்டும். தானாகத் தேடும் பொத்தானைத் தொடக்கூடாது. அது வலுவான நிலையங்களில் மட்டும் நின்று நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு 0.1-ஆகக் கையால் நகர்த்தி, பேச்சோ பாட்டோ துளியும் இல்லாத, ஒரே சீரான 'ஷ்ஷ்' மட்டும் கேட்கும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணுக்கு இரு பக்கமும் 0.2 தூரம் வரையாவது அதே 'ஷ்ஷ்' இருக்க வேண்டும். காஞ்சியில் ஒருமுறை, ஸ்ரீபெரும்புதூரில் ஒருமுறை, பூந்தமல்லியில் ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்தி இதைச் செய்தால், மூன்று பட்டியலிலும் பொதுவாக இருக்கும் எண் எது என்று தெரிந்துவிடும். அதை ரேடியோவின் முதல் பொத்தானில் பதிந்து வைக்கலாம். மாற்றாக இன்னும் இரண்டு எண்களை அடுத்த பொத்தான்களில் பதிந்து வைப்பது நல்லது. வேலூர் பக்கமோ புதுச்சேரி பக்கமோ போகிறவர்களுக்கு வேறு நிலையங்கள் எதிர்ப்படும். அந்தச் சாலைக்குத் தனியாகத் தேட வேண்டியதுதான்.

நேரமும் ஒரு கணக்கு. கோடைக்கால விடியற்காலைகளில் தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சூடாகவும் இருக்கும். அப்போது எஃப்.எம். அலைகள் அந்த அடுக்குகளுக்கு இடையில் வளைந்து வழக்கத்தைவிட வெகுதூரம் வந்துவிடுவதுண்டு. முதல்நாள் மாலையில் காலியாக இருந்த எண்ணில், முகூர்த்தத்துக்காக நாலு மணிக்கே கிளம்பிய காரில் எங்கோ தொலைதூர நிலையம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் சரியாகிவிடும். நிரந்தர மாற்றங்களும் வரும். நாடு முழுவதும் 234 புதிய நகரங்களில் 730 தனியார் எஃப்.எம். அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. திருவண்ணாமலையும் வாணியம்பாடியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன்றைக்கு அமைதியாக இருக்கும் எண் இன்னும் சில ஆண்டுகளில் ஒரு நிலையத்தின் வீடாகிவிடலாம் என்பதாலும், எல்லா எண்ணுக்கும் போகும் கருவியே உதவும்.

அலைவரிசைக்கு அடுத்தது ஏரியல். கருவி தரையோடு, கியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது பேச வேண்டிய ஏரியல் காருக்கு வெளியே. பழைய கார்களில் முன் கண்ணாடி ஓரத்திலோ முன்பக்க மட்கார்டிலோ இழுத்து நீட்டும் கம்பி இருக்கும். அவற்றில் அலை எளிதில் சேர்ந்துவிடும். ஏரியல் கூரையின் பின்கோடியில் இருக்கும் கார்களில் நடுவில் இரும்புக் கூரை மறைக்கிறது. அதே கருவி அங்கே திணறும். நீட்டும் ஏரியல் உள்ளவர்கள் அதை உள்ளே தள்ளிப் பார்க்கலாம். வெளி நிலையங்களின் அலை அதிகமாகக் குறையும், உள்ளே இருக்கும் கருவியின் அலை அந்த அளவுக்குக் குறையாது. சென்னையை நெருங்கும்போது இது பல நேரம் கை கொடுக்கும். புதிய செட்டுகளில் ஒரே நிலையத்தை வேறு எண்ணில் தேடிப் பிடிக்கும் 'ஏ.எஃப்.' என்ற வசதி இருந்தால் அதை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் ரேடியோ தானாக வேறெங்காவது தாவிவிடும்.

ஒலி எப்படி இருக்கும் என்பது என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் போகும். ஓடும் காரில் அது குறையாகவே தெரியாது. தெரிவது அடியில் ஓடும் இரைச்சல்தான். சினிமாப் பாட்டு ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே உரப்பில் போவதால் இரைச்சலை மூடிவிடும். வீணை ஆலாபனையில் ஒரு மீட்டல் அடங்கி அடுத்தது எழுவதற்குள் வரும் அந்த மௌனத்தில்தான் 'ஷ்ஷ்' முழுதாக வெளியே வரும். காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் போன்றவர்கள் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்த இசைத்தட்டுப் பாட்டுகளைப் போனில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அந்தத் தட்டுகளின் கீறல் சத்தத்துக்கு முன்னால் டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் ஒன்றுமே இல்லை. கச்சேரிப் பதிவுகளை ரசித்துக் கேட்கிறவர்கள் கருவியைச் சோதிக்கும்போது அப்படிப்பட்ட பதிவைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு மோனோவைவிட வலுவான அலை வேண்டும். ரேடியோவில் மோனோவாக மாற்ற வழி இருந்தால், இரைச்சல் மிகும் இடத்தில் மாற்றிவிட்டால் கணிசமாக அடங்கும்.

ஒலியளவைப் பலர் தலைகீழாக வைக்கிறார்கள். போனில் குறைத்து வைத்துக் கார் ஸ்பீக்கரைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடும். போதாததற்கு, கருவியின் மின்சாரம் நின்ற அடுத்த விநாடி வெற்று இரைச்சல் காதைப் பிளக்கும். போனில் முக்கால் அளவுக்கு மேல் வைத்து, காரில் வழக்கமான அளவில் கேட்பதே முறை. போனிலும் கருவியிலும் உச்சத்துக்கு ஏற்றினாலும் கெடும். அதிர்வெண் அசைய வேண்டிய எல்லையைத் தாண்டி அசைந்து, ஸ்பீக்கர் கிழிந்ததுபோல ஒலிக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரைச்சலைக் குறைப்பதற்காக எஃப்.எம்-இல் கீச்சொலிகளை முன்கூட்டியே தூக்கி அனுப்பி, ரேடியோவில் திரும்பவும் இறக்குவார்கள். அந்த அளவு இந்தியாவில் 50 மைக்ரோவிநாடி, அமெரிக்காவில் 75. அமெரிக்கக் கணக்கில் அமைந்த கருவியை இங்கே பயன்படுத்தினால் தாளச் சத்தம் சற்றுக் கூர்மையாகக் கேட்கும். செட்டில் டிரெபிளை ஒரு படி குறைத்தால் தீர்ந்தது.

இனி, பாட்டு கருவிக்குள் போகும் வழி. ப்ளூடூத் உள்ளதை வாங்குவதே நல்லது, அதுவும் வசதிக்காக மட்டும் அல்ல. பழைய மாடல்களில் போனிலிருந்து கருவிக்கு ஆக்ஸ் வயர் போகும். அதே சாக்கெட்டிலிருந்து போனுக்குச் சார்ஜும் ஏறினால் மின்சாரம் சுற்றிவர இரண்டு பாதை கிடைத்துவிடும். அதன் விளைவு, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறி இறங்கும் ஒரு 'ஙீ' என்ற சத்தம். எஞ்சினோடு ஓடும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அது. ப்ளூடூத்தில் வயரே இல்லாததால் அந்தப் பாதையும் இல்லை. பென்டிரைவ் துளை இருப்பது நீண்ட பயணத்துக்கும், போன் வைத்துக்கொள்ள விரும்பாத வயதானவர்களுக்கும் உதவும். பெரும்பாலான கருவிகள் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும். உச்ச அளவு பல கருவிகளில் 32 ஜி.பி. பாட்டுகள் பெயர் வரிசையில் வராமல், ஏற்றிய வரிசையில்தான் வரும். சுப்ரபாதம் முதலில் வேண்டும் என்றால் அதை முதலில் ஏற்ற வேண்டும்.

ப்ளூடூத் கருவி எல்லாவற்றிலும் போன் பேசுவதற்கான மைக் இருக்கும். அதை நம்பி வாங்குவது வீண். மைக் இருப்பது முழங்கால் உயரத்தில். ஜன்னல் திறந்திருந்தால் மறுமுனையில் இருப்பவருக்குக் காற்றும் லாரி ஹாரனும்தான் கேட்கும். அழைப்புகள் முக்கியம் என்பவர்கள், கழுத்து நீண்டு வளையும் வகையையோ, சட்டைக்கருகே மாட்டும் தனி மைக் உள்ள வகையையோ பார்க்கலாம். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலாகக் கருதப்படும் குற்றம். பாட்டை மாற்றுவதற்குப் போனை எடுக்கத் தேவையில்லாதபடி, கருவியிலேயே பெரிய, தடவிப் பார்த்தாலே தெரிகிற பொத்தான்கள் இருப்பது அவசியம்.

சார்ஜிங் துளைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை போதும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் மின்சுற்று மட்டமாக இருந்தால் அதுவே எஃப்.எம். பட்டையில் இரைச்சலை அள்ளிக் கொட்டும். கருவிக்கு எதிரி அதன் வயிற்றிலேயே இருக்கும். பெயர் தெரியாத டேஷ் கேமராக்களும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. புடவை ஏற்றிப்போகும் வாகனம் லாரியாக இருந்தால் அதில் 24 வோல்ட் மின்சாரம். '12–24 வோல்ட்' என்று பொறித்திருக்கும் கருவியை மட்டுமே அதில் செருகலாம்.

இத்தனையையும் கடை வாசலிலேயே சோதித்துவிட முடியும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ ரிச்சி தெருவிலோ, உள்ளூர்க் கடையிலோ, வாங்குமிடம் எதுவானாலும் சொந்தக் காரில் போட்டுப் பார்க்க விடும் கடையாக இருக்க வேண்டும். முதலில் ரேடியோவைக் காலி எண்ணில் வைத்து இரைச்சலைக் கேட்க வேண்டும். கருவியைச் செருகி அதே எண்ணை வைத்ததும், பாட்டு எதுவும் போடாமலே, இரைச்சல் பட்டென்று அடங்கி மௌனமாக வேண்டும். அந்த மௌனம் எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவு வலுவாக அலை போய்ச் சேர்கிறது என்று பொருள். மெல்லிய 'ஷ்ஷ்' மிச்சமிருந்தால் அலை போதவில்லை. ரீங்காரம் கேட்டால் உள்ளே இருக்கும் மின்சுற்று சரியில்லை. அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை இருமுறை மிதித்து, போனையும் சார்ஜில் போட்டு மறுபடி அந்த மௌனத்தைக் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் பாட்டு. இந்தச் சோதனையில் தேறும் கருவி எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கலாம். இணையத்தில் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சென்னைச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வலு கூட்டிய கருவி, நூறு மீட்டர் வரை கேட்கும் என்ற விளம்பரத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுவதே சரி. வானலையை உரிமமின்றிப் பயன்படுத்துவதை இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் முதலே அரசு கட்டுப்படுத்தி வருகிறது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பீகாரின் வைஷாலி மாவட்டத்தில் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் சொற்ப செலவில் தானே செய்து நடத்திய, ஊரே கொண்டாடிய எஃப்.எம். நிலையம், உரிமம் இல்லை என்பதால் 2006-இல் மூடப்பட்டது. பிரிட்டனில் இந்தக் கார் கருவிகளே 2006 டிசம்பர் 8 வரை சட்டவிரோதமாக இருந்தன. ஐபாடுக்காக வந்த ஐடிரிப் 2003-லேயே அமெரிக்கச் சந்தையில் பிரபலமாகியிருந்தும் பிரிட்டனில் வெளிப்படையாக விற்க முடியவில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தக்க காரணம் உண்டு. 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்குவது விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசைகள். அமெரிக்க விதியில் 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட் என்ற அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு காருக்குள் பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும்.

இலங்கையில் இருக்கும் தமிழர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். பழைய ஜப்பானிய ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும் என்பதால், உள்ளூர் நிலையங்களைக் கேட்கவே 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டி இல்லாத காரில் 88-இல் தொடங்கும் டிரான்ஸ்மிட்டருக்கு 88 முதல் 90 வரையான ஒடுங்கிய சந்து மட்டுமே மிஞ்சும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் உறவினருக்கு இங்கிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள் முதலில் காரின் ரேடியோ எதுவரை போகிறது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சென்னையிலேயே பாதி நாள் ஓடும் வண்டிக்கு எந்த டிரான்ஸ்மிட்டரும் முழுத் திருப்தி தராது. கேசட் டெக் இன்னும் ஓடுகிறது என்றால், கேசட் வடிவில் வயரோடு வரும் அடாப்டர் வானலையையே தொடாமல், டெக்கின் ஹெட்டோடு காந்த முறையில் பேசும்; இரைச்சல் குறைவு. ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் பொருத்தும் எஃப்.எம். மாடுலேட்டர் அதைவிட நல்லது. பாட்டுக் கேட்கும்போது வெளி ஏரியலையே துண்டித்துவிடுவதால் எந்த நிலையமும் குறுக்கே வராது. ஆனால் பொருத்த எலக்ட்ரீஷியன் வேண்டும். டேஷ்போர்டில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள வழக்கமான 'ஒரு டின்' இடம் இருந்தால், ப்ளூடூத் உள்ள புதிய செட்டையே மாட்டிவிடலாம். நல்ல டிரான்ஸ்மிட்டர் ஒன்றுக்கும் சாதாரணச் செட் ஒன்றுக்கும் விலை வித்தியாசம் இப்போது பெரிதாக இல்லை. வண்டியை இன்னும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர்தான் என்று முடிவு செய்தவர்கள், வண்டியை நிறுத்தும்போது அதைப் பிடுங்கி வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும்; நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூடும் கருவியின் ஆயுளைக் குறைக்கும்.